மூத்தவள் வந்து உட்காரும் நேரம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது குரலை உயர்த்திச் சொல்கிற சங்கதி இல்லை. காதுப் பக்கம் ஒரு ரீங்காரம் வந்து நின்று, நாம் கையை ஓங்கினதும் இல்லாமல் போகுமே, அந்த அளவுதான் இதற்குச் சத்தம். கார்த்திகை மாதத்து அந்தி. மலையடிவாரத்து ஓடைக்கரை. பலாமரத்துக்குக் கீழே முக்காலி போட்டு ஆவுடைத்தங்கம் உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்கால் வரைக்கும் சுருட்டிச் செருகிக்கொண்டு வலது காலை நீட்டி வைத்திருந்தாள். அந்தக் காலில் ஒன்றுமில்லை. செருப்பு இல்லை, கொலுசு இல்லை, கொசுவும் இல்லை. அதுதான் சங்கதி. அவள் வேலையே கொசு பிடிக்கிறதுதான். ஊருக்குள் குளிர்காய்ச்சல் வந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளைத் தூக்கிப் போடுகிற காய்ச்சல். அதை எந்தக் கொசு கொண்டுவருகிறது என்று பார்க்க டவுனில் இருக்கிற கொசு ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார்கள். காலைத் திறந்து வைத்து அசையாமல் இருக்க வேண்டும். கொசு வந்து உட்கார்ந்ததும், அது ஊசியை இறக்குவதற்கு முன்னால், கண்ணாடிக் குழலின் வாயை அதன்மேல் கவிழ்த்து, அடுத்த முனையிலிருக்கிற ரப்பர் குழாயை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்ச வேண்டும். கொசு குழலுக்குள் போய்விடும். நடுவில் வலைத்துணி கட்டியிருப்பதால் வாய்க்கு வராது. பிறகு வலை போட்ட காகித டம்ளருக்குள் ஊதிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. தன் உடம்பையே புழுவாக்கித் தூண்டிலில் மாட்டிக்கொண்டு உட்கார்கிற வேலை. அந்த வேலைக்கு வந்த காலில், வெயில் மலைக்குப் பின்னால் போன நேரத்திலிருந்து, ஒரு கொசு வந்து உட்காரவில்லை. நேற்றைக்கும் குறைச்சல்தான். முந்தாநாளும் அப்படித்தான். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பலவேசம் உட்கார்ந்திருந்தான். அவனும் இதே வேலைக்காரன்தான். செத்துப்போன அவள் புருஷன் செம்புலிங்கத்தோடு பல வருஷம் ஒன்றாய்க் காலை நீட்டினவன். அந்த உறவில் இவளை மைனி என்பான். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டிருந்தான். அவன் காலில் வந்துகொண்டே இருந்தன. ஒன்றை உறிஞ்சி ஊதுவதற்குள் அடுத்தது. டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "கல்யாண வீட்டுப் பந்தி கெட்டுது போங்க, எலையப் போடுததுக்கு முன்னால வந்து உக்காருதாளுவ" என்றான். அவள் சிரித்தாள். சிரித்தது காதில் கேட்டதா என்று தனக்குத் தானே பார்த்துக்கொண்டாள். "உங்க பந்தி என்ன மைனி காலியாக் கெடக்கு? கருப்பட்டி கிருப்பட்டி குறைச்சலாப் போட்டியளோ?" என்றான். "எனக்கு வரவேண்டியதையும் நீயே தின்னு தொலை" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுகொண்டது. வரவேண்டியது. எனக்கு வரவேண்டியது. எது வரவேண்டியது? அவள் காலைப் பார்த்தாள். சோப்புப் போடவில்லை. நேற்றே வெறும் தண்ணீரில்தான் குளித்தாள். தலையில் பூ இல்லை, பூ வைக்கிற நிலைமையும் இல்லை. தைலம் தடவவில்லை, மஞ்சள் பூசவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஆபீஸ் டாக்டரம்மா சொன்ன சட்டம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவில் ஒரு வீட்டு இடமாவது விட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. டாக்டரம்மா கயிறு பிடித்தே காட்டியிருந்தார்கள். அதை மட்டும் இன்றைக்கு அவள் மீறியிருந்தாள். வந்ததும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பலவேசத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். என்ன செய்ய, ஓடைக்கு அந்தக் கரையில் கருவேல மரங்களுக்கு நடுவே தெரிகிற சிமென்ட் மேடையில்தான் போன வருஷம் செம்புலிங்கத்தை வைத்துத் தீ மூட்டினார்கள். ஜீப்காரர் இடத்தைக் காட்டியபோது வேறு இடம் கொடுங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. முக்காலியை மட்டும் இழுத்துக்கொண்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முதுகு கூசுகிறது. முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் அது பார்க்கிறது. கடைசியில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள்; அதனால் இடதுகாதும் இடதுகன்னமும் மட்டும் அந்தக் கரைக்குச் சொந்தமாகிவிட்ட மாதிரி குளிர்ந்து கிடந்தன.

ஓடை நின்று நின்று ஓடியது. புல் தண்ணீருக்குள் சாய்கிற ஓரத்தில்தான் இந்தக் கொசுக்கள் பிறக்கின்றன. பகலில் குனிந்து பார்த்தால், தண்ணீரின் தோலுக்குக் கீழே படுக்கை போட்ட மாதிரி மட்டமாய்க் கிடக்கும் புழுக்கள். நிழல் விழுந்ததும் பின்பக்கமாக வழுக்கிப் போகும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இது அப்படித் தொங்காது. வளர்ந்தபிறகுதான் இதற்குத் தலைகீழ் ஆசை. உட்காரும்போது தலை தாழ்ந்து வால் தூக்கி, சுவரில் முள் குத்தி நிற்கிற மாதிரி நிற்கும். டாக்டரம்மா ஒருநாள் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிக்குள் கண்ணை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். யானைக்குப் போடுகிற முகபடாம் மாதிரி ஒரு முகம். றெக்கை ஓரத்தில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிச் செதில். ரொம்ப அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. டாக்டரம்மா சொன்னார்கள்: இதில் மூன்று சகோதரிகள் இருக்கிறார்கள் ஆவுடை. ஒரே முகம், ஒரே றெக்கை, ஒரே கால். பெற்றவளே பார்த்தாலும் யார் யாரென்று சொல்ல முடியாது. வயிறு பாதி முட்டை கட்டியிருக்கிற சமயத்தில் கீறி, உள்ளே இருக்கிற நூலுக்குச் சாயம் போட்டுப் பார்த்தால், சேலைக்கரை மாதிரி வரிவரியாகத் தெரியும். ஒருத்திக்கு அந்தக் கரையில் ஒரு துண்டு தலைகீழாகத் தைத்த மாதிரி திரும்பியிருக்கும். அதுதான் வித்தியாசம், வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துண்டு திரும்பினவளுக்கும் திரும்பாதவளுக்கும் குடிக்கிற பழக்கமே வேறு. இளையவள்கள் இரண்டு பேருக்கும் மாட்டு ரத்தம் போதும், மனுஷன் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மூத்தவளுக்கு மட்டும் மனுஷன். காய்ச்சலைக் கொண்டுவருகிறதும் அவள்தான். டாக்டரம்மாவுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்: இந்த ஓடையில் மூத்தவள் இருக்கிறாளா? செம்புலிங்கம் மூத்தவளுக்குக் கெட்டிக்காரி என்று பேர் வைத்திருந்தார். உட்கார்ந்தது தெரியாமல் உட்காருவாள், நீ பார்க்கிற காலில் உட்கார மாட்டாள், பார்க்காத காலில்தான் உட்காருவாள், கெட்டிக்காரி என்பார். பெண்பார்க்க வந்த அன்றைக்கு இவளையும் இவள் தங்கைகளையும் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை என்று குழம்பி நின்ற மனுஷன், கொசுவில் மட்டும் குழம்பமாட்டார். இருட்டிலேயே சொல்லுவார், இது அவள்தான் என்று. எப்படித் தெரியும் என்று கேட்டால், என்னைத் தேடித்தானே வாரா என்பார்.

தேடித்தான் வந்தன. அந்தக் கால் அப்படிப்பட்ட கால். ஆபீஸில் அவரைக் கொசுவுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்றே கேலி செய்வார்கள். வீட்டில் வலைக்குள் படுத்தாலும் வெளியே அவை வலையைச் சுற்றிச் சுற்றி, எந்தப் பக்கம் அவர் படுத்திருக்கிறாரோ அந்தப் பக்கத்தில் அப்பிக்கொண்டிருக்கும். விடிந்து பார்த்தால் வலையில் ஆள் படுத்த அச்சு மாதிரி ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். அப்படிப்பட்ட மனுஷன் ஈரல் கெட்டுப் படுத்தார். கடைசிக் காலத்தில் வலை மூச்சு முட்டுகிறது, எடு என்றார். எடுத்துவிட்டாள். கொசு பிடுங்கப்போகிறதே என்று விசிறியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்தி வந்தது, விளக்கு வைத்தாள், ஓடைப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வந்தன. கேட்டது. இவள் கையில் உட்கார்ந்தது, புறங்கழுத்தில் உட்கார்ந்தது. அவர்மேல் உட்காரவில்லை. வருகிறது, முகத்துக்கு மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறது, அங்கே ஆள் இல்லாத மாதிரி விலகிப் போகிறது. அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்குமா, வாழ்நாள் பூராவும் அதைத்தானே கவனித்தார். "ஆவுடை, ஜன்னல சாத்திட்டியா?" என்று கேட்டார். சாத்தவில்லை. திறந்துதான் கிடந்தது. "ஆமா, சாத்திட்டேன்" என்றாள். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ரெண்டு மூணு நாள் மூச்சு இருந்தது, வைத்தியர் வந்து நாடி பார்த்தார், நல்லாத்தான் இருக்கு என்றுகூடச் சொன்னார். அவளுக்கு அப்போதே தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, மகள் உலகம்மாளைத் தந்தியில்லாமலே வரவழைத்து, எல்லாம் தயாராக இருந்தாள். எப்படி மைனி இவ்வளவு தைரியமா இருக்கிய என்று எல்லோரும் கேட்டார்கள். கொசு சொல்லிற்று என்றா சொல்ல முடியும்?

கொசு நம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. டாக்டரம்மா சொன்னதுதான். நாம் விடுகிற மூச்சு காற்றில் ஒரு கயிறு மாதிரி மிதந்து போகிறது, அதைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். பக்கத்தில் வந்ததும் வேர்வை. இன்னும் பக்கத்தில் வந்ததும் உடம்புச் சூடு. மூச்சு, வேர்வை, சூடு. ஆவுடை மூச்சை இழுத்துப் பார்த்தாள். வந்தது. விட்டாள். போனது போலத்தான் இருந்தது. ஆனால் செம்புலிங்கத்துக்கும் மூச்சு இருந்ததே. இருந்தும் அவை கண்டுகொள்ளவில்லையே. அப்படியானால் மனுஷனுக்குத் தெரிகிற மூச்சு ஒன்று, அதற்குத் தெரிகிற மூச்சு வேறு ஒன்று. உள்ளுக்குள் எதுவோ முன்னாலேயே கிளம்பிவிடுகிறது, மேலே இருக்கிறது மட்டும் கொஞ்சநாள் பழக்கத்தில் ஏறி இறங்குகிறது. நின்றுபோன கிணற்று ராட்டினம் கொஞ்சநேரம் சுற்றுகிற மாதிரி. கொஞ்சநாளாகவே அவளுக்கு மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. காலையில் எழுந்தால் விரல்நுனி அரிசி ஊறவைத்த தண்ணீரில் விட்டதுபோல் சில்லென்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உலகம்மாள் கிளம்பி வந்துவிடுவாள், அவளே மாசமாக இருக்கிறாள், தை பிறந்தால் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வரப்போகிறாள். பழைய சேலையெல்லாம் துவைத்துக் கிழித்து வைத்தாகிவிட்டது, நல்லெண்ணெய் செக்கில் சொல்லியிருக்கிறது, பேறுகால மருந்துக்குச் சாமான் மட்டும்தான் பாக்கி. பெற்றவள் இல்லாத வீட்டில் வந்து எந்தப் பெண் படுப்பாள்? தை வரைக்கும். தை முடிகிற வரைக்கும் போதும். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். இடதுகன்னத்துக் குளிர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. காலைப் பார்த்தாள். வெளிச்சம் போகப் போக அந்தக் கால் உரித்த வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. யாரோ கொண்டுவந்து தன் முன்னால் வைத்துவிட்டுப் போன கால். விரலை அசைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அசைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்காக அசைக்காமல் இருக்கிறோமா, அசையாமல் போய்விடுமோ என்று அசைக்காமல் இருக்கிறோமா? காதருகே ஒன்று வந்தது. மெல்லிசாக, ஊசிக்குள் நூல் நுழைகிற சத்தம். வந்தது, நின்றது, அவள் முகத்தின் குறுக்கே, அங்கே முகம் என்று ஒன்று இல்லாத மாதிரி நேராகப் போய்விட்டது.

"பலவேசம்" என்றாள். பதில் இல்லை. "ஏ பலவேசம், கேக்கா?" பதில் இல்லை. அவன் குனிந்திருந்தான். டார்ச் வெளிச்சம் அவன் காலில் மட்டும் வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே அவள் இருந்தாள். சத்தம் வெளியே வந்ததா? கொஞ்சம் முன்னால் சிரித்தோமே, அது வந்ததா? அவன் கேலி பேசினது என்னிடம்தானா, காலியாகக் கிடக்கிற முக்காலியிடமா? தனியாக வேலை செய்கிற ஆட்கள் அப்படி ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவளே புருஷன் போனபிறகு அடுப்படியில் அப்படிப் பேசியிருக்கிறாள். அக்கரையில் கருவேலம்புதரில் எதுவோ உட்கார்ந்து எழுந்த மாதிரி கிளை ஆடியது. ஜீப்பிலிருந்து இறங்கினபோது தன் கையைப் பிடித்து இறக்கியது யார், யாராவது பிடித்தார்களா, இறங்கினோமா, அல்லது வீட்டில் படுத்துக்கொண்டு இறங்குகிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா, ஜன்னலைச் சாத்தியாகிவிட்டதா? அவள் முக்காலியை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள். அது மண்ணில் கீறிக்கொண்டு போயிற்று. பலவேசம் நிமிர்ந்தான். வாயில் ரப்பர் குழாய் இருந்தது. டம்ளருக்குள் ஊதிவிட்டு, துடைத்துக்கொண்டு, "குழா வாயில இருக்கையில எப்படி மைனி பேசுதது? முழுங்கவா சொல்லுதிய?" என்றான்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டி வந்ததால் தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "உங்க அண்ணாச்சி கடைசியில கெடந்தப்ப நீ வந்து பாத்தியே. அவுக மேல ஒரு கொசு உக்காரல. கவனிச்சியா?"

பலவேசம் டார்ச்சை அணைத்தான். "கவனிச்சேன்" என்றான்.

"எனக்கும் இன்னைக்கு ஒண்ணும் உக்காரல."

"ஓ" என்றான். பிறகு, "அதான் மூஞ்சி இப்படி இருக்கா" என்றான். "நல்லாருக்கு போங்க. மைனி, அண்ணாச்சிக்கு நெஞ்சுச் சளின்னு நீங்க கற்பூராதித் தைலத்த முழுசா அவுக மேல கவுத்துலா வச்சிருந்திய. வாசல்ல செருப்பக் கழத்தும்போதே மூக்கு எரிஞ்சுது. அந்த வாடைக்கு எமனே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் வந்திருப்பான். கொசு எங்க வரும்? வேலைக்கு வந்தா பவுடர் போடாத, தைலம் போடாதன்னு நமக்குத்தானே சொல்லிக்குடுத்திருக்காங்க. இது தெரியாமலா இருந்திய?"

தைலம். தைலம் என்ற வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்தியது. ஆமாம், தேய்த்தாள். நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்த்தாள். ஆனால் என்றைக்கு? ஜன்னல் திறந்திருந்த அந்த அந்தியிலா, அதற்கு முந்தின நாளா? புட்டி தீர்ந்துபோய்க் கவிழ்த்து வைத்தது ஞாபகம் இருக்கிறது, ஜன்னல் கட்டையில், கடைசிச் சொட்டு இறங்கட்டும் என்று. கவிழ்த்து வைத்த புட்டியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்படியானால் அன்றைக்குத் தைலம் இல்லை. இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வேறு புட்டி வாங்கி வந்தாளே, வாங்கி வந்தது காரியத்துக்கு வந்தவர்களில் ஒருத்தருக்குத் தலைவலி என்றா? புட்டி, ஜன்னல், விளக்கு. விளக்கு வைத்த கையில் தைல வாடை இருந்ததா? தீக்குச்சி கிழிக்கும்போது விரல் வழுக்கியது ஞாபகம் வந்தது. வழுக்கியது தைலமா, விளக்கெண்ணெயா? அதற்குமேல் போக முடியவில்லை. நெய்கிற தறியில் ஒரு இழை அறுந்தால் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்து நிற்குமே, அப்படி நின்றது. தைலம்தான் என்றால் கொசு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் செத்தார், இவள் பாட்டுக்குத் தெரிந்த மாதிரி இருந்தாள். தைலம் இல்லை என்றால்? அன்றைக்கு அவர்மேல் தைலம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு என் காலில் என்ன இருக்கிறது?

"தள்ளி உக்காருங்க மைனி" என்று பலவேசம் சொல்லிக்கொண்டிருந்தான். "டாக்டரம்மா என்ன சொன்னாக? ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்தா ருசியான ஆளுகிட்டதான் எல்லாம் போவும்னு சொன்னாகளா இல்லையா? அண்ணாச்சிகூட உக்காந்தா எனக்கு இப்படித்தான், ஒண்ணும் வராது. கோட்டிக்காரன் மாதிரி கால நீட்டிக்கிட்டு இருப்பேன். இப்ப அவுக இல்ல, நான் ருசியாயிட்டேன். அந்த வேப்பமரத்துகிட்ட முக்காலியக் கொண்டு போங்க."

வேப்பமரம் ஓடையை ஒட்டி இருந்தது. அதற்கு நேர் எதிரேதான் மேடை. "நான் போவல" என்றாள். சொன்ன வேகத்தில் இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்ந்தாள். அவள் கால் அவன் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. அவன் மறுபடி டார்ச்சைப் போட்டான்; காலில் இரண்டு உட்கார்ந்திருந்தன, தலை தாழ்ந்து வால் தூக்கி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஒன்று வந்தது. அவள் பாதத்துக்கு மேலாகத் தாழ்ந்து, ஒரு கணம் தயங்கி, அவனிடம் போயிற்று. அந்தத் தயக்கம். அதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பலவேசமும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். அதற்குமேல் அவன் கேலி பேசவில்லை. காலில் இருந்ததை உறிஞ்சி எடுத்து ஊதிவிட்டான். மடித்துவிட்டிருந்த பேன்ட்டைக் கீழே இறக்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாதத்தோடு சேர்த்துத் தோல் தெரியாமல் கட்டினான், சீக்காளிக்குக் கட்டுப்போடுகிற மாதிரி. டம்ளர்களைப் பெட்டியில் அடுக்கி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு, "தொழுவத்துல மாட்டுமேல இளையவளுவ வந்திருப்பாளுவ. அதையும் கொஞ்சம் பிடிச்சாத்தானே கணக்கு சரியா வரும். நீங்க இங்கனயே இருங்க மைனி. கூப்பிட்டா கேக்கும்" என்றான். போய்விட்டான். துண்டு கட்டின காலோடு நொண்டி நொண்டிப் போகிற சத்தம் கொஞ்சம் கேட்டது. பிறகு மாட்டுக் கழுத்து மணி ஒன்று அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். தெரிந்துகொண்டான், அதனால் போய்விட்டான். செம்புலிங்கம் கிடந்தபோதும் கடைசியில் ஒருத்தர் ஒருத்தராக, தொழுவத்தைப் பார்க்கணும், பஸ் போய்விடும், பிள்ளை தேடும் என்று இப்படித்தான் எழுந்து போனார்கள். எல்லோருக்கும் வேறு எங்கேயோ ஒரு தொழுவம் இருக்கிறது. ஓடை இப்போது நிற்காமல் ஓடுகிற மாதிரி கேட்டது. மேற்கே மலைக்கு மேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு மட்டும் பாக்கி. கோயில் ஒலிபெருக்கியில் யாரோ ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். பலவேசம் இருந்த இடம் காலியாக இருந்தது; அவன் முக்காலி பதிந்த தடம் மண்ணில் தெரிந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பினாள், திரும்பினதில் முகம் முழுசாக அக்கரைப் பக்கம் வந்துவிட்டது. மேடை சாம்பல் நிறத்தில், யாரோ எழுந்துபோன கட்டில் மாதிரி இருந்தது. சரி என்று நினைத்தாள். பார்க்கிறதானால் பார்த்துக்கொள்ளட்டும். தை வரைக்கும் என்று கேட்டதை ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போது வாயிலிருந்து மூச்சு போனது, மேலுதட்டில் பட்டுத் தெரிந்தது. அது கயிறாய்த் திரிந்து ஓடைக்கு மேலே போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். வலது காலை அவள் மறந்துபோயிருந்தாள். இடது கால்தான் கூசியது. சேலைக்கரை விலகி, கணுக்கால் எலும்புக்குப் பின்னால், வேலைக்கென்று நீட்டாத இடத்தில், ஒன்றுமில்லாத ஒரு கனம். முடி விழுந்தால் அதைவிடக் கனமாக இருக்கும். அவள் டார்ச்சை முந்தானைக்குள் வைத்து அமுக்கினாள். சிவந்த வெளிச்சத்தில் தெரிந்தது: தலை தாழ்ந்து, வால் தூக்கி, பின்னங்கால் இரண்டும் காற்றில்.

ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டாள். கை தானாகவே கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். ஊசி இறங்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், அதுதான் சட்டம், இறங்கிவிட்டால் காய்ச்சல் யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா தேடுகிறது இவளாகவும் இருக்கலாம். வயிற்றைக் கீறாமல் யாருக்குத் தெரியும்? அவள் உறிஞ்சவில்லை. நிஜமாகவா, ஒரு வாய் குடித்துக் காட்டு பார்ப்போம் என்று இருந்தாள். ஊசியின் உறை மெல்ல முழங்கை மடங்குகிற மாதிரி பின்னுக்கு மடங்கியது. வலி இல்லை. அதன் வயிறு ஒன்றுமில்லாத சருகாக இருந்தது, அப்புறம் அடியில் ஒரு புள்ளி சிவந்தது, அந்தப் புள்ளி ஏறியது, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. என்னுடையது என்று நினைத்தாள். உள்ளே இருந்திருக்கிறது. சூடாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் குடிப்பாளா? இவளும் வயிற்றுப்பிள்ளைக்காரி, முட்டைக்கு வேண்டித்தானே வந்திருக்கிறாள், ஆண்கொசு பூவை நக்கிவிட்டுத் திரியும், அதற்கு இந்தப் பாடு கிடையாது. குடி, நல்லாக் குடி என்று உதடு அசைந்தது. மூச்சு குழலுக்குள் போய்க் கண்ணாடியில் பனி படர்ந்தது. அதைத் துடைக்கிற நேரத்துக்குள் பிடித்துவிடலாம், இல்லை விட்டுவிடலாம். எதைச் செய்வதென்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி காத்திருக்கவில்லை. ஊசியை உருவினாள். எழும்புவதற்குக் கனம் குறைய வேண்டும் என்பதற்காக, வால்நுனியிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு சொட்டை அவள் கணுக்காலிலேயே வைத்தாள். பிறகு, குடித்த வயிற்றின் கனத்தில் முன்னைவிடத் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு மேலே வந்து, ஆவுடையின் காதை ஒருதரம் சுற்றி, அவள் ரத்தத்தை அவளுக்கே கேட்கும்படி எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போனாள்.